எபிரேய மிடற்றெழுத்தும் தமிழ் வாயும்

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ்க் கூட்டத்தில் எபிரேய எழுத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சிக் கோயில் மணி முந்நூறாண்டுக் காலமாக ஒலிக்கிறது. அக்கோயிலிலும் இவ்வட்டாரத்துப் பிற கோயில்களிலும் 'அல்லேலூயா' என்றும், 'ஓசன்னா' என்றும், 'ஆமென்' என்றும் நம் உழவர் பெருமக்கள் வாயாரச் சொல்லி வருகின்றனர். இம்மூன்றும் எபிரேயச் சொற்கள். மூன்றும் மிடற்றெழுத்தில் தொடங்குவன. ஆயின், எபிரேயர் மிடற்றில் பிறப்பித்த அவ்வொலிகளைத் தமிழர் தம் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டனர். எவரும் குறை சொல்லவில்லை. அண்மைக் காலத்தில்தான், 'அல்லேலூயா என்பது பிழை. ஹல்லேலூயா என்று கிரந்த எழுத்திட்டு எழுதுவதே சரி. ஆபிரகாம் என்பது பிழை. ஆப்ரஹாம் என்பதே மூல ஒலிப்பு' என்று சுவரொட்டியிலும் பாட்டுப் புத்தகத்திலும் திருத்தம் செய்யத் தலைப்பட்டுள்ளனர். மூல ஒலிப்பு என்று அவர்கள் சொல்லுகின்ற அது மெய்யாகவே மூல ஒலிப்புத்தானா? அதனை ஆராய வேண்டுமெனின், எபிரேய மிடற்றெழுத்துகளைச் சற்றே கற்றுத்தான் ஆகவேண்டும்.

எபிரேய நெடுங்கணக்கில் எழுத்துகள் 22. அனைத்தும் மெய்கள். வலமிருந்து இடமாக எழுதப்படுவன. இவற்றைக் காணத் தொலைதேயம் செல்ல வேண்டா. சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய தமிழ் விவிலியத்தில் 119-ஆம் திருப்பாடலைத் திறந்து பாருங்கள். எட்டெட்டு அடியாக 22 பகுதி, ஆக 176 அடி. எபிரேய மூலத்தில் ஒவ்வொரு பகுதியின் எட்டடியும் ஓரெழுத்திலேயே தொடங்கும். அகர முதலாக எழுத்து முறையில் ஆத்திசூடி அமைந்தது போன்ற அமைப்பு என்க. தமிழில் அவ்வமைப்பைக் கொணர இயலாமையின், மொழிபெயர்த்தோர் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் எபிரேய எழுத்தின் பெயரை மட்டும் பொறித்து வைத்தனர். அவற்றுள் ஆலெப், எ, கேத், ஆயின் என்னும் நான்குமே மிடற்றெழுத்துகள். ஞாயிறுதோறும் விவிலியம் புரட்டும் ஒரு பாட்டிக்கு இந்நான்கு பெயரும் கண்ணுக்குப் பழக்கமானவை. ஒலி மட்டுந்தான் புதிது.

அவ்வொலிகளை முறையாகக் காண்போம். நெல் மூட்டையைத் தூக்குகின்றவன் தூக்கும் நொடியில் மூச்சை அடக்குகிறான். அப்பொழுது மிடறு பூட்டிக்கொள்கிறது. மூட்டை தோளுக்கு ஏறியதும் பூட்டுத் திறந்து ஒரு சிற்றொலி எழும். அப்பூட்டும் திறப்புமே ஆலெப். அதற்கென வேறு ஓசையில்லை. அடுத்து வரும் உயிரொலிக்கு ஒரு தட்டுக் கொடுப்பதே அதன் தொழில். இரண்டாவதாகிய எ என்பது வெறும் மூச்சு. ஓடி இளைத்தவன் வாய்வழி விடும் மூச்சையே எழுத்தாகக் கொள்க. மூன்றாவதாகிய கேத், அம்மூச்சையே மிடற்றை நெருக்கி உராயச் செய்து விடுவது. மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்கு முன் அதன்மீது ஆவி படும்படி ஊதுகிறோமல்லவா, அதனை இன்னும் உள்ளிருந்து, கரகரப்பாகச் செய்தால் கேத் பிறக்கும். நான்காவதாகிய ஆயின் தமிழ் வாய்க்கு மிக அயலானது. மருத்துவர் நாவைத் தட்டையால் அழுத்தி 'ஆ' என்னச் சொல்லுங்கால் அடிநா பின்வாங்கி மிடற்றைக் குறுக்குகிறது. அந்தக் குறுகல் நிலையிலேயே குரலெழுப்பினால் ஆயினுக்கு ஏறத்தாழ அணுகிவிடலாம். ஒருநாளில் வாராது, பல நாள் பழகினால் வரும். எபிரேயம் என்னும் அம்மொழிப் பெயரே, அவர்கள் எழுத்தில் ஆயினைத்தான் முதலெழுத்தாகக் கொண்டுள்ளது. தம் மொழியின் பெயரைச் சொல்லவே அவர்களுக்கு மிடறு வேண்டியிருந்தது.

மிடறு என்னும் சொல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்தொலிகள் பிறக்குமாறு கூறுங்கால் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடம் வகுத்து, பன்னிரண்டு உயிரும் மிடற்று வளியால் இசைப்பன என்றார். உயிர்களுக்கு இடம் மிடறு என்ற இந்நுட்பம் எத்துணை ஆழமானது என்பதற்கு ஓர் அயற்சான்று உண்டு. எபிரேயருக்கு உறவினராகிய பினீசியரிடமிருந்து கிரேக்கர் எழுத்தைக் கடன் கொண்டனர். கிரேக்கர் வாயில் மிடற்று மெய்கள் பெரும்பாலும் இல்லை. கைக்கு வந்த எழுத்தை எறிந்துவிட மனமின்றி, அவற்றை உயிரெழுத்துகளாக மாற்றிக்கொண்டனர். ஆலெப் அவர்களிடம் ஆல்பா என்னும் அகரமாயிற்று. எ எகரமாயிற்று. கேத் காலப்போக்கில் ஏகாரமாயிற்று. ஆயின் என்பதற்குக் 'கண்' என்று பொருள். பண்டு அது வட்டமாகவே எழுதப்பட்டது. அவ்வட்டமே ஒகரமாயிற்று. இன்று ஆங்கிலத்தில் எழுதப்படும் முதலெழுத்தும், வட்ட வடிவ ஒகரமும் இவ்வழி வந்தனவே. மிடற்று மெய்களே மேலை நாட்டாருக்கு உயிர்களாயின. மிடறே உயிரின் இடம் என்று ஆசிரியர் வகுத்தது, அவர் கண்டிராத நாட்டு எழுத்து வரலாற்றோடும் ஒத்து நிற்கிறது.

இலக்கண ஒப்புமை இன்னும் உண்டு. எபிரேயத்தில் மிடற்றெழுத்துகள் இரட்டிப்பதில்லை. அவற்றோடு சேர்ந்து ரகரமும் இரட்டிப்பதில்லை. தமிழில் ரகர ழகரங்கள் நீங்கலாக ஏனைய மெய்களே தம்முன் தாம் வந்து இரட்டிக்கும் என்பது தொல்காப்பிய நூன்மரபு. ரகரம் இரண்டிடத்தும் ஒத்திருக்கிறது.

சுட்டெழுத்துப் புணர்ச்சியைப் பாருங்கள். எபிரேயத்தில் 'எ' எழுத்தோடு கூடிய அகரம் சுட்டு முன்னொட்டாக வரும். வருமொழி முதல் மெய்யை அது இரட்டிக்கச் செய்யும். அரசனுக்கு அவர்கள் சொல் மெலெக். சுட்டு முன் வரின் அம்மெலெக் என்பது போல ஒலிக்கும். நம் அம்மன்னன், அம்மலை என்பன போன்றே. வருமொழி ஆலெப்பில் தொடங்கினால் இரட்டிக்க இயலாமையின் சுட்டு நீண்டு ஆகாரமாகிவிடும். தமிழ்ச் செய்யுளில் அ + இடை என்பது ஆயிடை என நீண்டு வருவதை இங்கு நினைவு கூர்க.

இவற்றைக் கேட்டவுடன் எபிரேயமும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று துள்ளிக் குதிப்போர் உளர். அவ்வாறு துள்ளலாகாது. எபிரேயம் அரபு, அரமேயம் முதலியவற்றோடு சேர்ந்த செமித்திய மொழி. தமிழ் திராவிடத்துக்குத் தலையாய மொழி. மாந்தன் வாயும் மிடறும் எங்கும் ஒன்றாகலின், இரு மொழி இலக்கணங்கள் ஓரோர் இடத்தில் ஒத்து நிற்கின்றன, அவ்வளவே. நம் ஆய்தமே எபிரேயரின் கேத் என்று எழுதுவாரும் உண்டு. சான்றில்லாமல் பெருமை பேசினால், சான்றுள்ள பெருமையையும் உலகம் நம்பாது. ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து, வல்லின உயிர்மெய்க்கு முன் நிற்பது. சொல்லுக்கு முதலிலும் ஈற்றிலும் நில்லாதது. கேத்தோ முதல், இடை, கடை மூன்றிடத்தும் நிற்பது. இரண்டின் இயல்பும் வேறு.

இம்மிடற்றொலிகளை நாள்தோறும் பழகும் தமிழ்ப் பிள்ளைகள் இவ்வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். வெள்ளாற்றங்கரையில், பெரம்பலூர் மாவட்டத்து இலெப்பைக்குடிக்காட்டில், ஓதுபள்ளிக்குச் செல்லும் குழந்தைகளே அவர்கள். எபிரேயத்துக்கு உடன்பிறப்பாகிய அரபியில் மிடற்றெழுத்துகள் ஆறு. அடிமிடற்றில் இரண்டு, நடுமிடற்றில் இரண்டு, மேல்மிடற்றில் இரண்டு என இடம் பிரித்துக் கற்பிப்பது அவர்கள் ஒலிப்பு நூல் மரபு. எபிரேயத்தின் ஆயினுக்கு ஒத்த அரபு எழுத்து ஐன். கேத்துக்கு ஒத்ததும் தனியே உண்டு. இன்னொன்றையும் கருத வேண்டும். பண்டை எபிரேயத்தில் ஆயின் என்னும் ஒரே வடிவம் இரண்டு ஒலிகளைத் தாங்கி நின்றது. ஒன்று மேலே சொன்ன மிடற்றுக் குரல். மற்றொன்று ககரத்தின் குரலொலி உராய்ந்தாற் போன்றது. காசா என்னும் ஊர்ப்பெயரும், கொமோரா என்னும் பெயரும் எபிரேயத்தில் ஆயினில் தொடங்குவன. கிரேக்கர் அவற்றைக் ககரமாகக் கேட்டு எழுதிக்கொண்டமையால் நமக்கும் ககரமாக வந்தன. எபிரேயர் பின்னாளில் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். அரபியர் இரண்டுக்கும் இரண்டு எழுத்து வைத்து இன்றளவும் பிரித்துச் சொல்லுகின்றனர். இலெப்பைக்குடிக்காட்டுச் சிறுவனும் பிரித்துச் சொல்லுகிறான்.

அச்சிறுவன் தன் ஆசிரியரை வீதியில் கண்டால் எவ்வாறு அழைக்கிறான்? 'அசரத்து' என்கிறான். அச்சொல் அரபியில் கேத்துக்கு ஒத்த எழுத்தில் தொடங்குவது. பாய்மேல் அமர்ந்து திருக்குர்ஆனை ஓதும்பொழுது அதே எழுத்தை நடுமிடற்றிலிருந்து பிசகாமல் பிறப்பிக்கும் அவன், வீதிக்கு வந்ததும் அதனை விட்டுவிட்டு, தூய தமிழ் அகரத்தில் தொடங்குகிறான். அவன் பிழை செய்யவில்லை. ஓதும்பொழுது அரபு வாய். பேசும்பொழுது தமிழ் வாய். இரண்டையும் கலக்காமல் வைத்திருக்கும் அறிவு அவனுக்கு இயல்பாக வாய்த்திருக்கிறது. எழுத்துச் சீர்திருத்தம் பேசும் பட்டதாரிகள் பலருக்கு அது வாய்க்கவில்லை. முகம்மது, அகமது, இபுராகீம், இரகுமான் என்று நம் இசுலாமியப் பெருமக்கள் வழிவழியாக எழுதி வந்த பெயர்களில் ககரம் நிற்கும் இடங்களையெல்லாம் எண்ணிப் பாருங்கள். அரபியில் மிடற்றெழுத்து நின்ற இடங்கள் அவை.

இனி, விவிலியப் பெயர்களைத் தொகுத்து நோக்குவோம். சொல் முதலில் எ அல்லது கேத் வருமிடத்து, தமிழ் பெரும்பாலும் அதனைக் கெடுத்து உயிரை மட்டும் நிறுத்துகிறது: ஏவாள், ஆகார், அன்னாள், ஆமான், எபிரோன், ஏனோக்கு, ஆபகூக்கு, ஆகாய். இடையில் வருமிடத்துப் பெரும்பாலும் ககரமாக்குகிறது: ஆபிரகாம், இராகேல், இராகாபு, நாகோர், எரிகோ, பெத்லகேம். ஆயினோ பெரும்பாலும் ஒலியின்றிக் கரைகிறது: யாக்கோபு, ஏசா, சிமியோன், இம்மானுவேல், ஆமோசு. ஈற்றில் கேத் நிற்கும் சொற்களில், அதற்கு முன் ஒரு மெல்லிய அகரம் நுழைவது எபிரேய வழக்கம். நோவா என்னும் தமிழ் வடிவத்தின் கடையில் நிற்பது அவ்வகரத்தின் நெடிலே எனலாம். விலக்குகளும் உண்டு. நோவாவின் மகன் காம் என்பான் பெயரில் முதலிலேயே ககரம் நிற்கிறது. ஈசாக்கு, யோவான் என்பவற்றில் இடையில் நின்றது கெட்டது. சில பெயர்கள் கிரேக்கம், இலத்தீன், போர்த்துகீசியம் ஆகியவற்றின் வழியாகச் சுற்றி வந்தமை இதற்குக் கரணியம்.

பெரும்பான்மை நெறி எது? முதலில் கெடும், இடையில் ககரமாகும். இந்நெறியை எந்தப் பாதிரியாரும் புதிதாக வகுக்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூற் பதவியலில் வடவெழுத்தின் முப்பத்துமூன்றாவதாகிய அவ்வெழுத்துக்குச் சொன்ன நெறியே இது. அரன், மோகம் என்பன அங்குள்ள வகைக்கு எடுத்துக்காட்டுகள். அவர்க்கு நெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர், வடசொல் வருவதாயின் வடவெழுத்தை விட்டுத்தான் வரவேண்டும் என்று வாயில் காத்தார். வடமொழிக்கு வகுத்த நெறி எபிரேயத்துக்கும் அரபிக்கும் தானே பொருந்திற்று. ஏன் பொருந்திற்று? அது நூலாசிரியர் கட்டளையாக மட்டும் இருந்திருந்தால், நன்னூலைக் கண்ணாலும் காணாத மீனவரும் உழவரும் வணிகரும் அதன்படி நடந்திருக்க மாட்டார்கள். அது தமிழ் வாயின் இயல்பு. உயிர்களுக்கு இடையில் வரும் ககரத்தை நாம் 'பக்கம்' என்பதில் ஒலிப்பதைப் போல வன்மையாக ஒலிப்பதில்லை. அகம், முகம், மகன் என்று சொல்லிப் பாருங்கள். ககரம் நெகிழ்ந்து, மூச்சொலிக்கு அண்மையில் சென்று நிற்கும். மூச்சொலியைக் குறிக்க இடைநிலையில் தமிழுக்கு எழுத்தில்லை என்பது அறியாதார் கூற்று.

இப்பொழுது, கிரந்த 'ஹ' எழுத்தை இட்டால் மூல ஒலி கிடைக்கும் என்பாரை நோக்கி ஒரு வினா. ஆபிரகாம் என்பதில் உள்ளது எ. இராகேல் என்பதில் உள்ளது கேத். இரண்டும் எபிரேயத்தில் வேறு வேறு எழுத்து. இரண்டையும் ஒரே கிரந்த எழுத்தால் எழுதினால் மூல ஒலி எங்கே கிடைத்தது? யாக்கோபில் மறைந்து நிற்கும் ஆயினை எக்கிரந்த எழுத்தால் எழுதுவார்கள்? ஆமென் என்பதன் முதலில் ஆலெப். ஆமோசு என்பதன் முதலில் ஆயின். வேறுபாடு காட்ட எதனை இடுவார்கள்? வடமொழிக்கென்று செய்யப்பட்ட எழுத்து வடமொழி ஒலியைத்தான் காட்டும். எபிரேய ஒலியைக் கற்க விரும்புவோர் எபிரேய எழுத்தையே கற்கட்டும், இருபத்திரண்டுதானே? ஓரிரு திங்களில் கற்கலாம். தமிழில் எழுதுவோர் தமிழில் எழுதட்டும். அரைகுறைக் கிரந்தம், எபிரேயருக்கும் உதவாது, தமிழரையும் கெடுக்கும்.

இம்மண்ணில் வாழ்ந்த ஒருவர் இச்சிக்கலை வேறொரு வழியில் தீர்த்தார். 1680-இல் இத்தாலியில் பிறந்து, 1747-இல் மறைந்த வீரமாமுனிவர், அரியலூர் மழவராயர்கள் ஆண்ட காலத்தில் ஏலாக்குறிச்சியில் தங்கி, அவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுத் தமிழ்த் தொண்டாற்றினார். திருக்காவலூர்க் கலம்பகமும், 1730-இல் தொன்னூல் விளக்கமும், 1732-இல் சதுரகராதியும் அவர் தந்தவை. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிட்டு வந்த வழக்கை மாற்றி, ஏகார ஓகாரங்களுக்கு இன்று நாம் எழுதும் வடிவைத் தந்தவர் என்ற வகையில் ஒவ்வொரு தமிழ்க் கையும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. 3 காண்டம், 36 படலம், 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில், அவர் பெயர்களைக் கையாண்ட முறைதான் நமக்குப் பாடம்.

காப்பியத் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையார். எபிரேயத்தில் யோசேப்பு என்பது 'சேர்த்தல், பெருகச் செய்தல்' என்னும் வேரிலிருந்து வந்த பெயர். மக்கள் வாயில் அது சூசை என வழங்கிற்று. முனிவரோ பொருளைப் பிடித்தார், 'வளன்' என்றார். பெருக்கம் என்பது வளந்தானே! திருமுழுக்கு யோவானின் பெயர் எபிரேயத்தில் நடுவே கேத்தைக் கொண்டது. 'இறைவன் அருளினான்' என்பது அதன் பொருள். யோகனான் என்று எழுதுவதா, யோவான் என்று எழுதுவதா, கிரந்தம் இடுவதா என்னும் இடர்ப்பாடு எதுவும் முனிவருக்கு எழவே இல்லை. 'கருணையன்' என்றார். கத்தோலிக்கர் வழக்கில் 'அருளப்பர்' என்றும் வழங்கும் பெயர் இதுவே. கருணை தமிழா என்று இங்கேயே வினா எழுப்ப நம் இளைஞர் சிலர் துடிப்பது தெரிகிறது. அருளப்பர் என்னும் சொல் இருக்கையில் அவ்வழக்கை இன்றைக்குத் தள்ளி வைக்கலாம். இத்தாலியில் பிறந்த ஒருவருக்கு, எபிரேயப் பெயரைத் தமிழ்க் காப்பியத்தில் வைக்குங்கால், தமிழாக்கி வைக்க வேண்டும் என்னும் உணர்வு இருந்தது. முந்நூறாண்டு கழித்து, அவர் கோயில் மணியோசை கேட்கும் ஊர்களில் பிறந்த தமிழர்க்கு அது பழங்கதையாகிவிட்டது.

சொல் ஒரு வழியாக மட்டும் பயணம் செய்வதில்லை. நம் சொற்களும் அங்குச் சென்றன. சாலமோன் மன்னனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் துக்கி என்பது. தோகை என்னும் தமிழ்ச்சொல்லோடு அதனை ஒப்பு நோக்கியோர் பலர். 1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெலார் அவர்களுள் தலையாயவர். அகில் என்னும் நறுமணக் கட்டைக்கு எபிரேயத்தில் அகாலீம், அகாலோத்து என்னும் பன்மை வடிவங்கள் உண்டு. அவற்றையும் அவர் தமிழ் அகிலோடு பொருத்திக் காட்டினார். அச்சொல்லை எபிரேயர் எவ்வெழுத்தால் எழுதினர்? நம் அகரத்துக்கு ஆலெப். நம் நெகிழ்ந்த ககரத்துக்கு எ. தமிழ்ச் சொல் ஒன்று அங்குச் சென்று இரண்டு மிடற்றெழுத்தை உடுத்திக்கொண்டது. நம் ககரத்தை அப்படியே காட்டப் புதிய எழுத்தொன்றை அவர்கள் ஆக்கிக்கொள்ளவில்லை. தம்மிடம் இருந்ததைக் கொண்டே எழுதினர். வந்த சொல் தம் வாய்க்கு ஏற்ப வர வேண்டும் என்னும் மானம் அவர்களுக்கும் இருந்தது.

அம்மானம் உள்ளவர்களும் தம் மிடற்றெழுத்தைத் தாமே இழந்த கதையொன்று உண்டு. அவர்களது பழம்பெரும் சட்டத் தொகுதியாகிய தல்மூதில் கலிலேய நாட்டான் ஒருவனைப் பற்றிய செய்தி வருகிறது. அக்காலத்தில் மக்கள் பேசியது எபிரேயத்தின் உடன்பிறப்பாகிய அரமேயம், எழுத்துகள் அவையே. கலிலேயர் மிடற்றெழுத்துகளைப் பிரித்துச் சொல்ல மாட்டாதவர். ஒருவன் கடைவீதியில், 'அமர் யாரிடம் உண்டு?' என்று கேட்டான். கேட்டவர்கள் நகைத்தனர். 'அறிவிலியே! நீ கேட்பது ஏறுவதற்குக் கழுதையா, குடிப்பதற்குத் தேறலா, உடுப்பதற்கு ஆட்டுமயிரா, அறுப்பதற்கு ஆட்டுக்குட்டியா?' என்றனர். கழுதைக்கும் தேறலுக்கும் முதலில் கேத், ஆட்டுமயிருக்கு ஆயின், குட்டிக்கு ஆலெப். அவன் வாயிலோ எல்லாம் ஒன்று. அதே நூலில் இன்னோரிடத்தில், பெத்சான், அய்ப்பா, திபோன் என்னும் ஊரார் ஆலெப்பை ஆயினாகவும் ஆயினை ஆலெப்பாகவும் சொல்லுவதால், வழிபாட்டை முன்னின்று நடத்த அவர்களை விடலாகாது என்றும் காணப்படுகிறது. எழுத்தொலி பிசகியவனுக்கு இறைவன் திருமுன் நிற்கும் உரிமையே இல்லை என்ற அளவுக்கு அவர்கள் ஒலிப்பைப் போற்றினர்.

காலம் அவர்களையும் வென்றது. பல நாடுகளில் சிதறி வாழ்ந்த யூதருள் ஐரோப்பாவில் இருந்தோர் ஆயினை மறந்தனர். கேத்தை வேறொலியோடு கலந்தனர். ஏமன் முதலிய அரபு நாட்டு யூதர் பேணிக் காத்தனர். பேச்சு வழக்கு அற்றிருந்த அம்மொழியை எலியேசர் பென் யெகூதா என்பார் 1881-இல் எருசலேமில் குடியேறி வீட்டு மொழியாக்கினார். 1882-இல் பிறந்த தம் மகனிடம் எபிரேயம் தவிர வேறு மொழி பேசலாகாது என்று வீட்டாரைக் கட்டுப்படுத்தினார். நாற்பதே ஆண்டில், 1922-இல், பாலத்தீனத்தின் ஆட்சி மொழிகளுள் ஒன்றாக அது ஏற்கப்பட்டது. 1953-இல் அதற்கெனச் சட்டப்படி கழகம் அமைந்தது. அந்நாட்டு அரசியலும், அதனால் அண்டை மக்கள் படும் பெருந்துயரும் வேறு செய்தி. இங்குப் பேசப்படுவது மொழி ஒன்றே. மொழி மீண்டது, மிடறு மீளவில்லை. வானொலிச் செய்தி படிப்போர் ஆயினையும் கேத்தையும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று நெடுங்காலம் வலியுறுத்தப்பட்டது. ஆயினும் இன்று அங்குப் பெரும்பாலார் பேச்சில் ஆலெப்பும் ஆயினும் ஒன்று. எழுதும்பொழுது மட்டும் பிசகாமல் எழுதுகின்றனர். பள்ளிப் பிள்ளைகள் எழுத்து வேறுபாட்டைக் கண்ணால் மனப்பாடம் செய்கின்றனர். செவியால் கற்க வேண்டியதைக் கண்ணால் கற்கும் நிலை.

கலிலேயனைப் பார்த்து நாம் நகைக்கலாமா? மக்காச்சோளம் மிகுதியாக விளையும் பெரம்பலூரிலிருந்து, இராசேந்திரன் தலைநகரமைத்த கங்கைகொண்ட சோழபுரம் வரை ஒருமுறை சென்று வாருங்கள். சோழன் என்பான் பலர் வாயில் 'சோளன்' ஆகிவிட்டான். வயலில் விளைவதும் சோளம். புலிக்கொடி நாட்டியவனும் சோளன். மழை 'மளை' ஆயிற்று. வாழை 'வாளை' என்னும் மீனாயிற்று. உழவு 'உளவு' ஆகி ஒற்றர் தொழிலாயிற்று. ஏலாக்குறிச்சி முனிவருக்கு இடந்தந்த மழவராயர்கள் 'மளவராயர்' ஆயினர். தல்மூதுக் கடைவீதியில் நின்றவர்கள் இங்கு வந்தால், 'நீ கேட்பது குலையில் காய்ப்பதா, ஏரியில் நீந்துவதா?' என்று நம்மையும் கேட்பார்கள். அயலான் மூச்சொலிக்குக் கிரந்த எழுத்தைத் தேடி அலைகின்ற அதே வாய்தான், தொல்காப்பியர் இரட்டிக்காது என்று தனித்து நிறுத்திய நம் ழகரத்தைச் சொல்ல மறுக்கிறது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டா. இலெப்பைக்குடிக்காட்டு ஓதுபள்ளியில் எழுத்து கற்பிக்கும் முறையைத் தமிழாசிரியர்கள் ஒருநாள் சென்று பார்த்தால் போதும். எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடுவதில்லை. நா எங்கே, மிடறு எங்கே என்று காட்டி, பிள்ளை சரியாகப் பிறப்பிக்கும் வரை ஆசிரியர் அடுத்த எழுத்துக்குச் செல்வதில்லை. நம் வகுப்புகளில் பிறப்பியல் நூற்பா மனப்பாடமாகிறது, தேர்வில் எழுதப்படுகிறது, நுனிநா மேனோக்கிச் சென்று அண்ணத்தை வருடுமாறு எந்தப் பிள்ளையின் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ழகரத்தில் தொடங்குங்கள், பிறகு ணகர னகரங்கள், பிறகு றகரம். ஒரு கிழமைக்கு ஓரெழுத்து என்றாலும் ஒரு பருவத்துக்குள் முடிந்துவிடும்.

கூட்டம் முடிந்து வீடு திரும்புகையில் அரியலூர்ப் பேருந்து நிலையத்தில் சற்று நில்லுங்கள். சோழபுரம் செல்லும் வண்டிக்கு ஆள் சேர்க்க ஊர்ப்பெயரைக் கூவுவார்கள். செவி கொடுத்துக் கேளுங்கள். பிறகு, உங்கள் வீட்டுப் பிள்ளையை அப்பெயரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.